விலகிச் சென்றவரின் பெயரில் 62 டேபிள்கள்: கிராண்ட் ஆல் கொடுத்தும் ஆல்டர் மறுக்கப்படுகிறது (போஸ்ட்கிரெஸ் 14)

மாலைப்பொழுது (கேள்வி):

வணக்கம். சில்லறைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கும் சிறிய குழு ஒன்றில் பணிபுரிகிறேன். பல ஆண்டுகள் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் புழங்கிவிட்டு, சென்ற ஆண்டுதான் போஸ்ட்கிரெஸ் பக்கம் வந்தேன். எனவே கேள்வி எளிதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் சர்வரில் ஓடுவது போஸ்ட்கிரெஸ் 14. அதில் கடை, காப்பகம், சோதனை என மூன்று டேட்டாபேஸ்கள் உள்ளன. தொடக்கத்தில் இந்த மென்பொருளை எழுதிய டெவலப்பர் தனக்கென ஒரு லாகின் வைத்துக்கொண்டு, அதன் வழியாகவே எல்லா டேபிள்களையும் உருவாக்கியிருக்கிறார். அந்த லாகினை இங்கே டெவ்3 என்று அழைக்கிறேன். அவர் வேலையை விட்டுச் சென்று ஏழு மாதங்கள் ஆகின்றன. அண்மையில் நடந்த தணிக்கையில், பணியில் இல்லாத ஒருவரின் லாகின் இன்னும் உயிரோடு இருப்பதைச் சுட்டிக்காட்டி, அதை நீக்கும்படி எழுதிவிட்டார்கள்.

நீக்க முயன்றபோது, டிராப் ரோல் கட்டளையை சர்வர் ஏற்கவில்லை (போஸ்ட்கிரெஸில் லாகினும் ஒரு ரோல்தான்). இந்த ரோலைச் சார்ந்து பல பொருள்கள் இருப்பதாகச் சொல்லி நீண்ட பட்டியலைக் கொடுத்தது. பார்த்தால், கடை டேட்டாபேஸில் மட்டும் 62 டேபிள்களும் 4 வியூக்களும் (சேமித்த வினவலை டேபிள் போலக் காட்டுபவை) டெவ்3 பெயரில் இருக்கின்றன.

இதற்கிடையே, புதிய வெளியீட்டுக்கான மைக்ரேஷனை (டேபிள்களின் அமைப்பை மாற்றும் கட்டளைத் தொகுப்பை) டிப்ளாய் என்ற லாகினில் ஓட்டினேன். பில் டேபிளில் ஒரு காலத்தை (நெடுவரிசையை) சேர்க்கும் வரியிலேயே 'மஸ்ட் பி ஓனர் ஆஃப் டேபிள்' என்று நின்றுவிட்டது. உடனே எல்லா அதிகாரமும் உள்ள போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசராக நுழைந்து, பப்ளிக் ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பிரிவில்) உள்ள எல்லா டேபிள்களின் மேலும் டிப்ளாய்க்கு கிராண்ட் ஆல் பிரிவிலேஜஸ் கொடுத்தேன். கட்டளை வெற்றி என்றுதான் வந்தது. ஆனாலும் அதே இடத்தில் அதே பிழை. 'ஆல்' என்ற சொல்லுக்கு 'எல்லாம்' என்பதுதானே பொருள்?

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அந்த மாதத்துக்கான பில் டேபிளை டிப்ளாய் உருவாக்குகிறது. அன்று காலையே, அறிக்கை எடுக்கும் லாகினுக்கு அந்தப் புதிய டேபிளைப் படிக்க அனுமதி இல்லை என்று புகார் வந்துவிடும். புதிய டேபிள்களுக்கு முன்கூட்டியே அனுமதி வகுக்கும் ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ் கட்டளையை முன்பே கொடுத்திருக்கிறேன். ஆனால் பலனில்லை.

டேபிள்களை இழக்காமலும், பகல் நேர பில்லிங் நிற்காமலும் இதைச் சீர்செய்யும் முறையை விளக்கினால் உதவியாக இருக்கும்.

மின்மினி:

டிப்ளாய் லாகினுக்கு சூப்பர்யூசர் கொடுத்துவிடுங்கள். எங்கள் இடத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். இதுவரை எந்தச் சிக்கலும் வந்ததில்லை.

வெண்கலப்பூட்டு:

மேலே சொன்ன வழியில் பிழைச்செய்தி மறையும் என்பது உண்மைதான். ஆனால் சூப்பர்யூசருக்கு எந்த அனுமதிச் சோதனையும் கிடையாது. காப்பி கட்டளை வழியாக சர்வரில் உள்ள கோப்புகளைப் படிக்கவும், அங்கே ஒரு புரோகிராமை ஓட்டவும்கூட அதனால் முடியும். மைக்ரேஷன் லாகினின் கடவுச்சொல் ஒரு கட்டமைப்புக் கோப்பில் கிடக்கும் சூழலில் அதற்கு இவ்வளவு அதிகாரம் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அத்துடன், இனி உருவாகும் டேபிள்கள் டிப்ளாய் பெயரில் சேர்ந்துகொண்டே போகும். டெவ்3 சிக்கல் அப்படியே இருக்கும்.

இனி கேள்விக்கு வருகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளவும்.

போஸ்ட்கிரெஸில் உடைமை வேறு, அனுமதி வேறு. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பிஎஸ்கியூஎல்லில் (போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியில்) பின்சாய்கோட்டுக்குப் பின் டி, பி என்று தட்டி, பில் டேபிளின் பெயரைக் கொடுங்கள். டிப்ளாய் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறியும் அதையடுத்து ஏழு ஆங்கில எழுத்துகளும், பிறகு ஒரு சாய்கோடும், அந்த அனுமதியைக் கொடுத்தவரின் பெயரும் இருக்கும். ஏழு எழுத்துகளில் ஏ என்பது இன்செர்ட், ஆர் என்பது செலக்ட், டபிள்யூ என்பது அப்டேட், சிறிய டி என்பது டெலீட், பெரிய டி என்பது ட்ரன்கேட், எக்ஸ் என்பது ரெஃபரன்சஸ், கடைசியில் வரும் சிறிய டி, அதாவது டேபிள் என்ற சொல்லின் முதலெழுத்து, டிரிக்கர். நீங்கள் கொடுத்த 'ஆல்' இந்த ஏழோடு முடிந்துவிடுகிறது. டேபிளின் அமைப்பை மாற்றுவதற்கும் டேபிளையே நீக்குவதற்கும் இந்த வரிசையில் எழுத்தே கிடையாது. அவை உடைமையாளருக்கும், உடைமையாளர் ரோலில் உறுப்பினராக இருப்பவருக்கும், சூப்பர்யூசருக்கும் மட்டுமே உரியவை (நீக்குவது மட்டும் ஸ்கீமாவின் உடைமையாளராலும் முடியும்). கிராண்ட் கட்டளையால் அவற்றைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வழியில்லை.

மைஎஸ்கியூஎல்லிலிருந்து வருபவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு, ஏனெனில் அங்கே டேபிளுக்கு உடைமையாளர் என்ற கருத்தே இல்லை. ஆல்டர், டிராப் இரண்டும் அங்கே சாதாரண அனுமதிகள். ஆரக்கிள் இதற்கு நேர் எதிர்: ஸ்கீமாவும் யூசரும் ஒன்றே, டிராப் யூசர் கேஸ்கேட் என்று தட்டினால் அவர் பெயரில் உள்ள டேபிள்களும் சேர்ந்து போய்விடும். போஸ்ட்கிரெஸ் உங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தது நல்லதற்குத்தான்.

என் பரிந்துரை இது. எந்த மனிதருடைய லாகினும் டேபிள்களின் உடைமையாளராக இருக்கக் கூடாது. கடை_ஓனர் என்று ஒரு ரோலை நோலாகின் தன்மையுடன் உருவாக்குங்கள். அதற்குக் கடவுச்சொல் வேண்டியதில்லை. யாரும் அதில் நேரடியாக நுழைய முடியாது. யூசர், குரூப் என்று இரண்டாக இருந்தவற்றை 2005-இல் வந்த 8.1 பதிப்பிலேயே ரோல் என்று ஒன்றாக்கிவிட்டார்கள். அதனால் இப்படி ஒரு பெயரளவு உடைமையாளரை வைத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை. பிறகு சூப்பர்யூசராக இருந்து, 'ரீஅசைன் ஓன்டு பை டெவ்3 டு கடை_ஓனர்' என்ற ஒரே கட்டளையில் 62 டேபிள்களும் வியூக்களும் கைமாறும். சீரியல் காலங்களுக்கு (தானாக எண் ஏறும் நெடுவரிசைகளுக்கு) பின்னால் இருந்து எண் தரும் சீக்வென்ஸ்களும் கூடவே வரும். டெவ்3 பிறருக்குக் கொடுத்திருந்த அனுமதிகளும் அழியாது. அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் கொடுத்தவர் பெயராகக் கடை_ஓனர் வந்துவிடும்.

மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டளை நீங்கள் இணைந்திருக்கும் டேட்டாபேஸை மட்டுமே தொடும். மூன்று டேட்டாபேஸ்களிலும் தனித்தனியாக நுழைந்து ஓட்ட வேண்டும்.

இரண்டாவது, இதே சாயலில் 'டிராப் ஓன்டு பை' என்றொரு கட்டளை உள்ளது. அது பெயரில் சொன்னதைச் செய்யும்: அந்த ரோலின் பெயரில் உள்ள பொருள்களை நீக்கும், அந்த ரோலுக்குப் பிறர் கொடுத்த அனுமதிகளையும் நீக்கும். ரீஅசைன் முடிந்து, டெவ்3 பெயரில் ஒரு டேபிளும் இல்லை என்பதைச் சரிபார்த்த பிறகே அதைத் தொடவும். அந்த நேரத்தில் அது செய்யப்போவது மிச்சமிருக்கும் அனுமதிகளைத் துடைப்பது மட்டுமே. அது நடக்காமல் டிராப் ரோல் ஓடாது. வரிசை மாறினால் பேக்கப்பைத் தேட வேண்டியதுதான்.

மூன்றாவது, பூட்டு. உடைமையாளரை மாற்றும்போது ஒவ்வொரு டேபிளின் மேலும் ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக் விழும். டிரான்சாக்ஷன் (ஒன்றாக நிறைவேறும் அல்லது ஒன்றாக ரத்தாகும் கட்டளைத் தொகுதி) முடியும் வரை அது விலகாது. வேலை சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும், பூட்டு கிடைத்தால். நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், நள்ளிரவு பேக்கப் முடிந்திருக்கும் என்று நம்பி அதிகாலையில் இதை ஓட்டினேன். பிஜி டம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது எல்லா டேபிள்களிலும் மெல்லிய வாசிப்புப் பூட்டு ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும். என் கட்டளை அதற்காகக் காத்து நின்றது. என் கட்டளைக்குப் பின்னால் ஒவ்வொரு செலக்டும் வரிசையில் நின்றது. இருபது நிமிடம் யாராலும் எதையும் படிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் முதலில் லாக் டைம்அவுட்டை 3 விநாடி என்று வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன்; பூட்டு கிடைக்காவிட்டால் கட்டளை தானே விலகிவிடும், சற்று நேரம் கழித்து மறுபடி முயலலாம்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸில் இவை யாவும் டிரான்சாக்ஷனுக்குள் அடங்கும். பிகின் கொடுத்து, ரீஅசைன் செய்து, பிஜி_டேபிள்ஸ் என்ற வியூவில் டேபிள்ஓனர் வாரியாக எண்ணிப் பார்த்து, 62 என்பது புதிய பெயருக்கு எதிரே வந்திருந்தால் கமிட், இல்லாவிட்டால் ரோல்பேக். எண்ணிப் பார்த்து முடிக்கும் வரை பூட்டுகள் பிடித்தபடி இருக்கும் என்பதால் எண்ணும் அந்த வினவலை முன்பே தட்டி வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்கும் இடம் அதுவல்ல.

கடைசியாக, டிப்ளாய்க்குக் கடை_ஓனர் ரோலை கிராண்ட் செய்யுங்கள். இப்போது மைக்ரேஷனில் ஆல்டர் ஓடும். ஆனால் உறுப்பினராக இருப்பது மட்டும் போதாது: டிப்ளாய் ஒரு புதிய டேபிளை உருவாக்கினால், அது டிப்ளாய் பெயரிலேயே பிறக்கும். 'ஆல்டர் ரோல் டிப்ளாய் செட் ரோல் டு கடை_ஓனர்' என்று ஒருமுறை கொடுத்துவிட்டால், அடுத்த லாகின் முதல் அது தானாகவே கடை_ஓனராக உடை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கும். பிறக்கும் டேபிள்களும் சரியான பெயரில் பிறக்கும்.

ஆற்றுமணல்:

மேலே உள்ள விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். மாதாந்திரத் தொல்லையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ் கட்டளையை, டேபிள் எங்கே உருவாகிறது என்பதோடு மட்டும் தொடர்புபடுத்திப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அதைவிட முக்கியமானது டேபிளை யார் உருவாக்குகிறார் என்பது. நீங்கள் சூப்பர்யூசராக நுழைந்து, ஃபார் ரோல் என்ற பகுதி இல்லாமல் அதைக் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் 'இனிமேல் போஸ்ட்கிரெஸ் என்ற ரோல் உருவாக்கும் டேபிள்களை அறிக்கை லாகின் படிக்கலாம்' என்றுதான் பதிவாகியிருக்கும். உங்கள் மாதாந்திர டேபிளை உருவாக்குவதோ டிப்ளாய். பின்சாய்கோட்டுடன் டி, டி, பி என்று தட்டிப் பார்த்தால், ஓனர் என்ற முதல் காலத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரே நிற்கும்.

எனவே, வெண்கலப்பூட்டு சொன்னபடி எல்லாம் கடை_ஓனர் பெயரில் பிறக்கத் தொடங்கியபின், 'ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ் ஃபார் ரோல் கடை_ஓனர் இன் ஸ்கீமா பப்ளிக் கிராண்ட் செலக்ட் ஆன் டேபிள்ஸ் டு அறிக்கை' என்று கொடுங்கள். இது இனி வரப்போகும் டேபிள்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே இருப்பவற்றுக்கு, கிராண்ட் செலக்ட் ஆன் ஆல் டேபிள்ஸ் இன் ஸ்கீமா என்பதை ஒருமுறை தனியாக ஓட்ட வேண்டும். இரண்டும் 9.0 பதிப்பில் சேர்ந்தே வந்தவை. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினால்தான் இடைவெளி இராது.

செயலி பயன்படுத்தும் லாகினுக்கு இன்செர்ட் கொடுக்கும்போது சீக்வென்ஸையும் மறக்க வேண்டாம். சீரியல் என்று அறிவித்த காலம் இருந்தால், அதன் சீக்வென்ஸ் மேல் யூசேஜ் அனுமதி இல்லாமல் இன்செர்ட் ஓடாது. 10-ஆம் பதிப்பில் வந்த ஐடென்டிட்டி காலமாக இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

அறிக்கை லாகின் உண்மையிலேயே எல்லாவற்றையும் படிக்கத்தான் வேண்டும் என்றால், 14-இல் பிஜி_ரீட்_ஆல்_டேட்டா என்று ஒரு முன்வரையறுத்த ரோல் உள்ளது. அதை கிராண்ட் செய்தால் முடிந்தது. ஆனால் அது எல்லா ஸ்கீமாவையும் எல்லா டேபிளையும் திறந்துவிடும். ஊழியர் சம்பள விவரம் அதே டேட்டாபேஸில் இருந்தால் நான் அதைச் செய்யமாட்டேன்.

மாலைப்பொழுது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆற்றுமணல் ஊகித்தது சரி. முதல் காலத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற பெயரே இருந்தது.

நேற்றிரவு சோதனை டேட்டாபேஸில் முழுவதையும் செய்து பார்த்தேன். ரீஅசைன் ஒரு விநாடிக்குள் முடிந்தது, எண்ணிக்கை சரியாக வந்தது, மைக்ரேஷனும் ஓடியது. ஆனால் புதிய சிக்கல் ஒன்று. மாத_வசூல் என்ற வியூவை அறிக்கை லாகினிலிருந்து திறந்தால், வரவு என்ற டேபிளுக்கு அனுமதி இல்லை என்கிறது. அந்த டேபிள் கணக்கு என்ற வேறு ஸ்கீமாவில், கணக்குப்பிரிவின் ரோல் பெயரில் உள்ளது. அறிக்கை லாகினுக்கு அந்த டேபிளின் மேல் என்றுமே அனுமதி இருந்ததில்லை. இருந்தும் முந்தாநாள் வரை இந்த வியூ ஒழுங்காக வேலை செய்தது. சூப்பர்யூசராகத் திறந்தாலும் இதே பிழை வருவதுதான் எனக்குப் புரியாத புதிராக இருக்கிறது.

வெண்கலப்பூட்டு:

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது.

வியூ அடியில் உள்ள டேபிளைத் தொடும்போது, வியூவைத் திறந்தவரின் அனுமதி பார்க்கப்படுவதில்லை. வியூவின் உடைமையாளருடைய அனுமதியே பார்க்கப்படுகிறது. இதுவரை உடைமையாளர் டெவ்3. கணக்குப்பிரிவு எப்போதோ அவருக்கு வரவு டேபிளின் மேல் செலக்ட் கொடுத்திருக்கிறது. ரீஅசைன் கட்டளை டெவ்3 உடைய பொருள்களைக் கைமாற்றியது. ஆனால் பிறருடைய பொருள்களின் மேல் டெவ்3 பெற்றிருந்த அனுமதிகளைக் கைமாற்றவில்லை. வீட்டை விற்றால் பக்கத்து வீட்டுக்காரர் வாய்ச்சொல்லாகக் கொடுத்திருந்த வழிநடை உரிமை வாங்கியவருக்குத் தானாக வந்துவிடாது அல்லவா, அதுபோல. சூப்பர்யூசராகத் திறந்தாலும் சோதனை கடை_ஓனர் பெயரில்தான் நடக்கும். அதனால்தான் அங்கும் அதே பிழை.

வரவு டேபிளின் மேல் கடை_ஓனருக்கு செலக்ட் கொடுத்தால் வியூ உயிர்பெறும். செக்யூரிட்டி டிஃபைனர் என்று அறிவித்த ஃபங்ஷன்கள் இருந்தால் அவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். அவையும் உடைமையாளரின் அனுமதியோடு ஓடுபவை. கடை டேட்டாபேஸில் கைவைக்கும் முன், டெவ்3 பெற்றிருக்கும் அனுமதிகள் எவை என்று ஒரு பட்டியல் எடுத்துவிடுங்கள். டிராப் ஓன்டு ஓடியபின் அந்தத் தடயம் இருக்காது.

கூகை:

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். விடுபட்டவை சில.

மேகச் சேவையில் ஓடும் போஸ்ட்கிரெஸில் உங்களுக்கு உண்மையான சூப்பர்யூசர் கிடைப்பதில்லை. அங்கே ரீஅசைன் செய்ய வேண்டுமானால், கட்டளை கொடுப்பவர் பழைய ரோல், புதிய ரோல் இரண்டிலும் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆகவே முதலில் டெவ்3-ஐயும் கடை_ஓனரையும் உங்கள் நிர்வாக லாகினுக்கு கிராண்ட் செய்துகொள்ளுங்கள்.

செயலியின் அன்றாட லாகினைக் கடை_ஓனரில் உறுப்பினராக்கிவிட வேண்டாம். என்றாவது ஒருநாள் ஒவ்வொரு கிளையும் தன் பில்லை மட்டும் பார்க்கட்டும் என்று ரோ லெவல் செக்யூரிட்டி போடுவீர்கள். உடைமையாளருக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. ஃபோர்ஸ் என்று தனியாகச் சொன்னால்தான் அவருக்கும் பொருந்தும். 'பாலிசி எழுதினேன், வேலை செய்யவில்லை' என்று வரும் கேள்விகளைப் பார்த்தால், பெரும்பாலும் செயலியே உடைமையாளராக நுழைந்துகொண்டிருக்கும்.

பதிப்பை உயர்த்தும் எண்ணம் இருந்தால் இதையும் கவனியுங்கள். 15 முதல், பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய ஏற்பாடு நீங்கிவிட்டது. ஆனால் அது புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்கே. உங்களுடையதைப் போன்ற பழைய டேட்டாபேஸை மேம்படுத்தினாலும், டம்பிலிருந்து மீட்டாலும், பழைய அனுமதியே தொடரும்; நீங்களாகவே பப்ளிக்கிடமிருந்து கிரியேட்டைப் பறித்து, கடை_ஓனருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். பிஜி டம்ப் எடுத்து வேறு சர்வரில் மீட்கும்போது, ரோல்கள் அந்த டம்பில் வராது என்பதும் நினைவிருக்கட்டும். பிஜி டம்ப்ஆல் கட்டளையில் ரோல்ஸ் ஒன்லி என்று தனியாக எடுக்க வேண்டும், அல்லது நோ ஓனர் என்று மீட்டு, மீட்பவரின் பெயரிலேயே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

மாலைப்பொழுது:

முடிந்தது. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, பேக்கப் ஓடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, லாக் டைம்அவுட் வைத்துத் தொடங்கினேன். முதல் முயற்சியில் விலகிவிட்டது; யாரோ ஓர் அறிக்கையைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்த இணைப்பை முடித்துவிட்டு இரண்டாம் முறை ஓட்டியபோது ஒரு நொடியில் 62-ம் கைமாறின. வரவு டேபிளைத் தவிர இன்னும் இரண்டு டேபிள்களில் டெவ்3-க்கு அனுமதி இருந்தது பட்டியல் எடுத்ததால் தெரிந்தது. அவற்றையும் கடை_ஓனருக்குக் கொடுத்தேன்.

பிறகு டிராப் ரோல் கொடுத்தால் மறுபடியும் மறுப்பு. இம்முறை விவரத்தில் ஒரே ஒரு வரி: காப்பகம் டேட்டாபேஸில் 3 பொருள்கள். அங்கே ரீஅசைன் ஓட்டியிருந்தேன், டிராப் ஓன்டு ஓட்ட மறந்திருந்தேன். மூன்றும் டெவ்3 பெயரில் பதிவாகியிருந்த டிஃபால்ட் பிரிவிலேஜஸ். ரீஅசைன் அவற்றைத் தொடுவதில்லை போலும். டெவ்3 பெயரில் டேபிள் ஏதும் இல்லை என்று இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு டிராப் ஓன்டு கொடுத்தேன். அதன்பின் டிராப் ரோல் எந்த மறுப்புமின்றி ஓடியது.